சான்றிதழ் கிடைக்காத குடும்பத் தலைவிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டத்தில் ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் மலையை விட்டு இறங்காததால், நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் அன்றாட வேலையாகிவிட்டது. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண் துணையின்றித் தாமே கூலிக்குப் போய்க் குடும்பத்தை நடத்துகிறவர்கள். அவர்களுடைய வறுமையைப் பற்றிச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசின் கவனத்துக்கும் வாசகர்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். திட்டங்கள் இல்லை என்று குறை சொல்ல நான் வரவில்லை. திட்டங்கள் பல இருக்கின்றன. ஆனால் ஒரு பெண் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிறாள் என்பதை, அவளுடைய கணவனைப் பற்றிய ஏதாவதொரு காகிதத்தைப் பார்த்துத்தான் நம் நிர்வாகம் நம்புகிறது. அவன் இறந்ததற்கோ, விட்டுப் போனதற்கோ, சட்டப்படி விலகியதற்கோ காகிதம் காட்ட முடியாதவள் எவ்வளவு வறியவளாக இருந்தாலும் வரிசைக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கிறது. என் முறையீடு இது ஒன்றைப் பற்றியதே.

கணவன் விட்டுப்போன பெண்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் என்னிடம் வருவோரில் அவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கு 1975 முதலும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986 முதலும் ஓய்வூதியம் வழங்கப்பட்டு வருகிறது. இரண்டாவது திட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் மனம் பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். கணவன் கைவிட்டு 5 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் சட்டப்படி பிரிந்ததற்கான சான்று இருக்க வேண்டும். எங்கள் மலையில் 18 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போன கணவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட, 22 வயதில் இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் இன்னும் எட்டு ஆண்டுகள் காத்திருந்தால்தான் அவளுடைய விண்ணப்பம் வாங்கிக்கொள்ளவே படும். அதற்குள் கைக்குழந்தை நான்காம் வகுப்புக்குப் போயிருக்கும். பிள்ளைக்குப் பாலும் முட்டையும் வாங்கித் தர வேண்டிய காலத்தில் வராத பணம், பிள்ளை வளர்ந்த பிறகு வருகிறது.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலத்துக்குப் போய் வழக்கறிஞரைப் பிடிக்கும் செலவை விட்டுவிடுவோம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலொழியப் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆவது பிரிவே சொல்கிறது. சேலம் மாவட்டத்து மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் என்று வெளியூர் வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) மணமுடிப்பதும் மணத்தை முறிப்பதும் ஊர் வழக்கப்படியே நடக்கின்றன. பெரியவர்கள் கூடுவார்கள், இரு தரப்பையும் கேட்பார்கள், பரியப் பணத்தையும் (மணத்தின்போது பெண் வீட்டாருக்குக் கொடுத்த பணம்) நகையையும் பேசித் தீர்ப்பார்கள். அன்றோடு முடிந்தது. ஊரறிய நடந்த அந்தத் தீர்வுக்கு ஒரு வரி எழுத்து கிடையாது. ஊருக்கே தெரிந்த ஒன்றை அலுவலகத்தில் மெய்ப்பிக்க முடியாமல் அந்தப் பெண் திரும்பி வருகிறாள். ஊர் வழக்கப்படி தீர்த்துக்கொண்டவர்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதினால் போதும் என்று வைத்தால் யாருக்கு என்ன நட்டம் வந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குடும்ப அட்டையின் கதை இன்னும் நீளம். தாய் வீட்டுக்குத் திரும்பியவளின் பெயர் மாமியார் வீட்டு அட்டையிலேயே கிடக்கிறது. நீக்கித் தரச் சொன்னால் அரிசியும் சர்க்கரையும் குறைந்துவிடுமே என்று அவர்கள் இழுத்தடிக்கிறார்கள். எப்படியோ பெயரை நீக்கி வாங்கிக்கொண்டு வந்தாலும், தாய் வீட்டு முகவரியில் ஏற்கெனவே ஓர் அட்டை இருப்பதால், தனி அட்டைக்குத் தனிச் சமையல் இருப்பதைக் காட்ட வேண்டும். ஒருத்தி அம்மா வீட்டின் பின்சுவரை ஒட்டித் தகரத்தில் சாய்ப்பு இறக்கி, மூன்று கல்லைக் கூட்டி மண் பூசி அடுப்பு வைத்தாள். விசாரிக்க வருகிறவர் நம்ப வேண்டுமே என்பதற்காக நாள்தோறும் ஒரு வேளை அதில் களி கிண்டினாள். மற்ற வேளைக்கு அம்மாவின் அடுப்புதான். இரண்டு அடுப்புக்கு விறகு எங்கே போவது? வந்தவர் அடுப்பின் பக்கம் போகவே இல்லை. எரிவாயு இணைப்பு எண் என்ன என்று கேட்டார். இல்லை என்றதும் எழுதிக்கொண்டு போய்விட்டார். விண்ணப்பம் தள்ளுபடியான செய்தி தம்பியின் கைப்பேசிக்கு வந்தது, ஏனெனில் அவளுக்கென்று கைப்பேசி கிடையாது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே குடும்ப அட்டையின் தலைவியாகக் கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் இந்த அட்டையில் மருமகளாகவும் அந்த அட்டையில் மகளாகவும் இருக்கிறவள் எதிலும் தலைவியாவதில்லை. அட்டையில் தலைவி இல்லையென்றால் அதைத் தொடர்ந்து வருவன பலவும் இல்லை. 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒருவர் என்ற கணக்கில் வழங்கப்படுகிறது. தாய் வீட்டு அட்டையில் அந்த 1,000 ரூபாய் தாய்க்கோ அண்ணிக்கோ போகிறது. போகட்டும், அவர்களும் ஏழைகளே. ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன என்பது எங்கும் பதிவாவதில்லை. ஊரக வேலைத் திட்டத்திலும் இதே நிலைதான். 2005ஆம் ஆண்டுச் சட்டம் 100 நாள் வேலையைக் குடும்பத்துக்குத்தான் உறுதி செய்தது, ஆளுக்கு அல்ல. அண்ணன் வீட்டு வேலை அட்டையில் பெயர் இருக்கும் பெண்ணுக்கு, அண்ணனும் அண்ணியும் போய் வந்த நாள்கள் போக மிஞ்சியதுதான் பங்கு. மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டை, விதவைகளைத் தலைவியாகக் கொண்ட வழியற்ற குடும்பங்களை முன்வைத்துத்தான் விரிவாக்கப்பட்டது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த அட்டைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதால், நேற்று விதவையானவள் இன்று கேட்டால் இடமில்லை.

கணவன் இறந்த பெண்ணுக்காவது வழி நேராக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் உயர் அதிகாரியின் ஆணையின்றிப் பதிய முடியாது. மலைக்கிராமத்தில் வீட்டில் இறந்தவரை அன்றே ஊர்ச் சுடுகாட்டில் புதைத்துவிடுகிறார்கள். சான்றிதழ் என்ற நினைவு, பிள்ளைக்கு உதவித்தொகை கேட்கும்போதோ ஓய்வூதியம் கேட்கும்போதோதான் வருகிறது. வேலைக்குப் போன இடத்தில் இறந்தவர் என்றால் இன்னும் சிக்கல். இறப்பு எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவு. எனவே கர்நாடகத்தில் ஏதோ ஒரு ஊரின் அலுவலகத்தில், மொழி தெரியாத இடத்தில், இவள் போய் நிற்க வேண்டும். உடலைக் கொண்டுவர வண்டிக்கு வாங்கிய கடனே அடையாத நிலையில் யார் போவார்கள்? அதுவரை, அரசின் ஏடுகளில் அவள் கணவனோடு வாழ்கிறவள்.

இந்த இரண்டு வகையிலும் சேராத பெண்களும் இருக்கிறார்கள். கணவன் வேலை தேடிப் போய் ஆண்டுக்கணக்கில் தகவல் இல்லாமல் போனவள். சிறையில் இருப்பவனின் மனைவி. செம்மரம் வெட்டும் கூலிக்கென்று தரகர்கள் கூட்டிப்போய் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களின் குடும்பங்கள் நம் பக்கத்து மலைகளில் பல உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது சில நாள் அந்த ஊர்களைப் பற்றிப் பேசினோம், பிறகு விட்டுவிட்டோம். காணாமற்போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. சொத்து வழக்குக்கு அது சரியாக இருக்கலாம். அடுத்த வாரத்து அரிசிக்கு வழி கேட்கிறவளிடம் ஏழு ஆண்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "செத்துட்டாருன்னும் சொல்ல முடியல, இருக்காருன்னும் சொல்ல முடியல. காயிதத்துல என்னன்னு போடுவீங்க டீச்சரம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். 'கணவர் காணாமற்போனவர்' என்றே எழுதிக் கொடுத்தேன். அந்த மனுவுக்கு எந்தத் திட்டத்திலும் கட்டம் இல்லை என்று பதில் வந்தது.

கணவன் வீட்டிலேயே இருந்தும் இல்லாத குடும்பங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் உண்மையை மறைத்தவளாவேன். குடி முற்றி, ஈரல் கெட்டு, திண்ணையில் படுத்திருப்பவனையும் சேர்த்து மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றுகிற பெண், கணக்கின்படி ஆண் தலைமையிலான குடும்பத்தைச் சேர்ந்தவள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அரசுக் கடையில் முறையாக விலை கொடுத்து வாங்கி, பத்தாண்டு குடித்து, மெல்ல இறந்தவனின் மனைவிக்கு யார் என்ன அறிவித்தார்கள் என்ற கேள்வி என் மனத்தில் எழாமல் இல்லை. அதை இங்கே வளர்த்தால் கடிதம் வேறு திசையில் போய்விடும்.

இந்தப் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால், எண்ணுகிற முறையிலேயே கோளாறு இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு நாட்டின் ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்று, அதாவது சுமார் 2.3 கோடிக் குடும்பங்கள், பெண்ணைத் தலைவியாகக் கொண்டவை என்று கண்டது. ஆனால் வறுமையின் அடையாளமாக அதே கணக்கெடுப்பு எடுத்துக்கொண்டது, 16 முதல் 59 வயதுக்குள் ஓர் ஆண்கூட இல்லாத பெண் தலைமைக் குடும்பங்களை மட்டுமே. அவை ஏறத்தாழ 69 லட்சம். இடைப்பட்ட ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் வீட்டில் 'ஆண்' இருக்கிறார் என்பதால் அவை இந்தப் பட்டியலில் வரவில்லை. எல்லாரும் ஏழைகள் என்று நான் சொல்லவில்லை. கணவன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் வீட்டிலும் பெண்தான் தலைவி. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அரசு ஊழியரின் விதவையும் தலைவிதான். பெண் தலைமை என்ற ஒரே பெயருக்குள் மேடும் பள்ளமும் கிடப்பதால்தான், சராசரி எடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் இவர்களுடைய வறுமை மங்கித் தெரிகிறது. ஆனால் 16 வயது என்ற எல்லையை ஆசிரியையாக இருந்த எவராலும் ஏற்றுக்கொள்ள முடியாது. அந்த வயதில் பையன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான், அல்லது இருக்க வேண்டும். அவனை வீட்டின் ஆண் துணையாக அரசே எண்ணத் தொடங்கினால், ஊரும் அப்படித்தான் எண்ணும். பத்தாம் வகுப்போடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சேலத்துக் கொலுசுப் பட்டறைக்கோ போய்விட்ட என் மாணவர்கள் பலர் இப்படித் தந்தையில்லாத வீட்டுப் பிள்ளைகள். படிப்பு ஏறாததால் போனவர்கள் மிகச் சிலர்.

இனி, வருமானத்தைப் பற்றி. மலையில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை ஓடும். பழம் பறிப்பதும் களை எடுப்பதும் பெண்கள் வேலை. கவாத்து செய்வதும், நிழல் மரம் கழிப்பதும், ஏணி போட்டு மிளகு பறிப்பதும் ஆண்கள் வேலை, அதற்குக் கூலி கூடுதல். ஆணும் பெண்ணும் சேர்ந்து போகும் வீட்டில் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்ளும். தனித்த பெண்ணின் வீட்டில் குறைந்த கூலி மட்டும்தான் வரும், அதுவும் பறிப்புக் காலத்தில்தான் ஒழுங்காக வரும். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருப்பவளின் நிலையும் அவ்வளவு மேலானதல்ல. ஒருத்திக்கு வீட்டை ஒட்டிச் சரிவில் அரை ஏக்கருக்கும் குறைவான தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி நன்றாகவே ஏறியிருக்கிறது. மிளகு முற்றும்போது ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து இருபது, முப்பது அடி உயரம் ஏறிப் பறிக்க வேண்டும். அவளுக்கு ஏறத் தெரியாது. ஏறினால் ஊர் பேசும். ஆள் பிடிக்கலாம் என்றால் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் பறிப்பு என்பதால், அவளுடைய முறை வருவதற்குள் பழுத்து உதிர்ந்துவிடும், அல்லது இரவில் எவனாவது உருவிக்கொண்டு போய்விடுவான். ஆகவே காய் பச்சையாகக் கொடியில் இருக்கும்போதே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடியோடு விட்டுவிடுகிறாள். பக்கத்துத் தோட்டக்காரர் பறித்துக் காயவைத்து, விலை ஏறும்வரை மூட்டையில் வைத்திருந்து விற்கிறார். ஒரே மண், ஒரே மழை, ஒரே கொடி. வருமானத்தில் பாதிக்குமேல் வித்தியாசம். மழைக்கு முன் சாமை விதைக்கவும் இதே தொல்லை. ஏர் பிடிப்பது பெண்ணுக்கு ஆகாது என்ற வழக்கம் இருப்பதால், மாடும் ஆளும் சேர்த்து ஏர்க்கூலி கொடுத்தாக வேண்டும். எல்லாரும் உழுது முடித்த பிறகே இவள் காட்டுக்கு ஏர் வரும்.

அந்த நிலம் அவள் பெயரில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், திருமணச் சட்டத்தைப் போலவே, பழங்குடியினரைத் தன் 2ஆவது பிரிவில் விலக்கிவைத்திருக்கிறது. ஆகவே எந்தப் பெருமையை நாம் மேடைகளில் சொல்கிறோமோ அது மலைமேல் வாழும் பழங்குடிப் பெண்ணுக்கு வந்து சேரவில்லை. இதைத் திருத்துவது பற்றி ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்கம் இருப்பதாக மெய்ப்பிக்கப்படாத நிலையில் பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் கொழுந்தனோடு பகைத்துக்கொண்டு அதே ஊரில் வாழ முடியாத விதவையிடம் தீர்ப்பு நகலைக் கொடுத்து என்ன பயன்? பட்டா மாமனார் பெயரிலேயே இருப்பதால் வங்கிப் பயிர்க்கடனும் இல்லை, 3.5 லட்சம் ரூபாயில் கலைஞர் கனவு இல்லம் கட்டிக்கொள்ள இடமும் இல்லை. குழுக் கடன் தரும் நிறுவனங்கள் கணவனையோ வளர்ந்த மகனையோ உடன் கையெழுத்துப் போடச் சொல்கின்றன. மிஞ்சுவது கந்துவட்டிதான்.

இதில் சரியான ஒரு முன்மாதிரி நம் சட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், தனியொருவர் தலைமையில் நடக்கும் குடும்பத்துக்கு அந்த ஒருவர் பெயரிலும் உரிமை ஆவணம் தர வேண்டும் என்கிறது. யார் குடும்பத்தை நடத்துகிறார் என்பதையும், யார் எந்த நிலத்தை உழுகிறார் என்பதையும் கிராம சபைதான் முதலில் விசாரிக்கிறது. காட்டு நிலத்துக்கே கிராம சபையின் சொல்லை நம்பும் அரசு, மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு அதே கிராம சபையின் சொல்லை ஏன் நம்பக் கூடாது?

அந்தத் தொகையைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. விதவைகளுக்கு மத்திய அரசு தரும் பங்கு, 40 வயதிலிருந்து 79 வயதுவரை, 2012இல் வைத்த அதே 300 ரூபாய்தான். மிச்சத்தை மாநிலம்தான் போட்டுத் தருகிறது. 300 ரூபாய்க்கு இன்று என்ன வாங்க முடியும் என்பதை எந்த மளிகைக் கடையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உரிமைத் தொகை பெண்ணின் பெயரில் அவளுடைய கணக்கில் வருவதால் வீட்டில் அவளுடைய சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இலவசம் என்று அதை இகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எனினும் ஓய்வூதியம் வாங்கும் விதவைக்கு உரிமைத் தொகை கிடையாது என்ற விதி பொருத்தமற்றது. கணவன் சம்பாதிக்கும் வீட்டில் அந்த 1,000 ரூபாய் குடும்ப வருமானத்துக்கு மேல் வருகிறது. விதவையின் வீட்டில் 1,200 ரூபாயே வருமானமாக இருந்தும், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்கிறோம். ஒன்று ஆதரவின்மைக்காகத் தரப்படுவது, மற்றொன்று இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பாகத் தரப்படுவது என்று அரசே சொல்லியிருக்கும்போது, முதலாவதை வாங்குவதால் இரண்டாவதற்கான உழைப்பு இல்லாமல் போய்விடுமா?

மலையை மட்டுமே சொல்கிறேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். பனமரத்துப்பட்டிப் பக்கம் விடிவதற்கு முன் அரளி மொட்டுப் பறிக்கும் பெண்களிடமும், ஆத்தூர் வழியில் சேகோ ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு உரிக்கும் பெண்களிடமும் கேட்டால் இதே கதைதான் வரும். அவர்களுக்குப் பேருந்தும் அலுவலகமும் கொஞ்சம் அருகில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன். கைவிடப்பட்ட பெண்ணுக்கான ஓய்வூதியத்தில் 30 வயது என்பதையும் 5 ஆண்டு என்பதையும் தளர்த்த வேண்டும். குழந்தையோடு இருப்பவளுக்கு வயது வரம்பே வேண்டாம். பழங்குடியினரைப் பொறுத்தவரை, ஊர் வழக்கப்படி பிரிந்ததற்குக் கிராம சபையின் தீர்மானமும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் போதிய சான்றாக ஏற்கப்பட வேண்டும். பொய்யாக எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கலாம். ஊர் நடுவில், அத்தனை பேர் முன்னால், கணவன் இருக்கும்போதே இல்லை என்று சொல்லும் துணிவு எத்தனை பெண்களுக்கு வரும் என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்கட்டும். காணாமற்போனவர், சிறையில் இருப்பவர், படுத்த படுக்கையாக இருப்பவர் ஆகியோரின் மனைவியர்க்கும் ஓய்வூதிய விண்ணப்பத்தில் ஓர் இடம் ஒதுக்கி, ஆண்டுதோறும் சரிபார்த்துத் தொடரலாம். தனி அட்டை கேட்கும் தனித்த பெண்ணிடம் எரிவாயு இணைப்பைக் கேட்பதை நிறுத்தலாம். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். 2022இல் அமைக்கப்பட்ட கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியம், இறப்பைத் தாமதமாகப் பதிவதற்கும் வெளி மாநிலத்துச் சான்றிதழை வரவழைப்பதற்கும் ஓர் ஆளை நியமித்து உதவினால், என்னைப் போன்றவர்களின் மனுவுக்கு வேலையே இருக்காது.

இன்னொன்று, காலம் தாழ்த்த முடியாதது. 2027 மார்ச் 1ஐ மேற்கோள் நாளாகக் கொண்ட மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது, குடும்பத் தலைவர் யார் என்று கேட்பார்கள். வீட்டார் யாரைச் சொல்கிறார்களோ அவரையே எழுதுவதுதான் முறை. எங்கள் பெண்கள் பழக்கத்தில், மூன்று ஆண்டாக வீடு திரும்பாத கணவன் பெயரையோ, பள்ளியில் படிக்கும் மகன் பெயரையோதான் சொல்வார்கள். அந்த ஒரு வரியால் அடுத்த பத்தாண்டுக்கு அவர்கள் கணக்கில் இல்லாமல் போவார்கள். கணக்கெடுப்புப் பணிக்குப் பெரும்பாலும் ஆசிரியர்களே அனுப்பப்படுகிறார்கள். மலைக்கிராமங்களுக்குப் போகும் ஆசிரியர்கள் பெயரை எழுதுவதற்கு முன், அவர் வழக்கமாக இந்த வீட்டில் தங்குகிறாரா, கடைசியாக எப்போது வந்தார் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுதும்படி பயிற்சியிலேயே சொல்லித்தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். பகலில் போனால் பெண்கள் தோட்டத்தில் இருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போகவும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.